மிஞ்சிய பீடிங்

கண்ணாடி சரியாக இருந்தது. பீடிங்தான் பெரிதாகப் போய்விட்டது.

ரப்பர் மாமா அந்தக் கறுப்பு வளையத்தைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்து அவள் மேசைமேல் பொத்தென்று போட்டார். பட்டறையில் எல்லாருக்கும் அவர் மாமாதான். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மாட்டும் பீடிங் என்ற ரப்பர் பட்டையை வெட்டுவது அவர் வேலை. அளவாக வெட்டி, இரண்டு முனைகளையும் சூடாக்கி ஒட்டி, வளையமாக்கிக் கொடுப்பார். ஒட்டியபின் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

"ஏம்மா சுத்தளவு, இது யாருக்குத் தைச்ச சட்டை? தம்பிக்கு அண்ணன் சட்டைய மாட்டிவிட்ட மாதிரி தொளதொளன்னு நிக்குது."

சுற்றளவு என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர்.

"நான் என்ன மாமா பண்றது? கம்ப்யூட்டர் சொன்னதைத்தானே எழுதிக் குடுத்தேன்."

"கம்ப்யூட்டர் சொல்லுச்சாம். கம்ப்யூட்டர் வந்து ஒட்டுமா? என் கைதான சுடுது."

அவள் சிரிக்க முயன்றாள். வாய் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்தே அப்படித்தான். களைப்பு அவளோடு பஸ் ஏறி வந்து, அவளோடு இறங்கி, அவளுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். மீதி இடத்தில்தான் அவள் உட்கார வேண்டும்.

அந்தப் பட்டறையில் பழைய வண்டிகளுக்குக் கண்ணாடி செய்தார்கள். தயாரித்த கம்பெனியே மறந்துபோன பஸ், டிராக்டர், கிரேன், படகு. உடைந்த கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி எடுத்து வருவார்கள். அதை வெள்ளைப் பலகைமேல் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து, நேர் மேலிருந்து படம் பிடிப்பார்கள். அந்தப் படம் கம்ப்யூட்டருக்கு வரும். படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கோடு வரைய வேண்டும். கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் மூடினால் அது ஓர் உருவம். அவள் அந்த உருவத்தைத் தொட்டு அளவு கேட்பாள். திரையின் கீழே இரண்டு எண்கள் வரும். பரப்பளவு கண்ணாடி அறுப்பவருக்கு. சுற்றளவு மாமாவுக்கு.

கோடு வரைவது அவள் கணவன்.

அவனுக்கு 'ஒரே இழுப்பு' என்று பெயர். மற்றவர்கள் விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்து, நடுவே வளைவுகளைப் பொருத்தி, பொறுமையாகக் கட்டுவார்கள். அவன் அப்படியில்லை. மவுஸின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விடவே மாட்டான். குளத்தை ஒரு சுற்று சுற்றிவருபவன் போல, நிதானமாக, எங்கும் நிற்காமல் வந்து, புறப்பட்ட புள்ளியிலேயே காலை வைப்பான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். "புள்ளி வைக்கிறதெல்லாம் கோலம் போடறவங்க வேலைடா" என்பான். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்று அவளாலும் சொல்ல முடியாது.

மாமா போனதும் அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். பழைய பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடி. தொட்டு அளந்தாள். பரப்பளவு சரி. இதே ரக பஸ்ஸுக்கு முன்பு செய்த கண்ணாடியைத் தேடி எடுத்து அதையும் அளந்தாள். பரப்பளவு அப்படியே இருந்தது. சுற்றளவு மட்டும் இப்போது ஒரு சாண் கூடியிருந்தது.

உள்ளே இருக்கும் இடம் மாறவில்லை. அதைச் சுற்றியிருக்கும் கோடு மட்டும் எப்படி நீளும்?

கோட்டின் ஓர் இடத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தூரத்திலிருந்து வழவழவென்று தெரிந்த விளிம்பு அருகில் வர வர ரம்பமாக மாறியது. மேலும் கீழுமாக, நகக்கீறல் அளவில், சின்னச் சின்னப் பற்கள். பக்கத்தில் பழைய கண்ணாடியின் கோடு அமைதியான ஏரிக்கரை போல வளைந்து போனது. இது அலையடிக்கும் கடற்கரை.

மலையை நேராகச் சுற்றுபவனும் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு சுற்றுபவனும் சுற்றுவது ஒரே மலையைத்தான். நடந்த தூரம்தான் வேறு. கண்ணாடியை அறுத்தபின் அதன் விளிம்பைத் தேய்க்கும் கல் இந்தப் பற்களைத் தின்றுவிடும். அதனால் கண்ணாடி பிழைத்துக்கொண்டது. எண்ணைத் தேய்க்கக் கல் ஏது?

அவள் எட்டிப் பார்த்தாள். இரண்டு மேசை தள்ளி அவன் முதுகு தெரிந்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிர்காய்வது போல. அறையில் குளிர் இல்லை.

*

அவனுடைய அப்பாவுக்கும் நடுக்கம் கையில்தான் தொடங்கியது. மாமனாருக்கு டம்ளரில் பாதிதான் ஊற்றுவார்கள். மீதிப் பாதி அவர் சட்டைக்குப் போய்விடக் கூடாதே என்று. பிறகு கரண்டி, பிறகு பொத்தான், பிறகு செருப்பு என்று ஒவ்வொன்றாக அவர் கையைவிட்டுப் போயின. அவர் காரியமெல்லாம் முடிந்த அன்று அவன் அவளிடம், "எனக்கு எது வந்தாலும் இது மட்டும் வரக் கூடாது" என்றான். அதற்குப்பின் அதைப்பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

அதனால் அவள் மவுஸைக் குற்றம் சொன்னாள்.

"என்னங்க, அந்த மவுஸ் பழசாயிடுச்சு. முதலாளியம்மாகிட்ட சொல்லி மாத்திக்கங்களேன்."

"ஆமா, நானே நினைச்சேன். இழுத்தா கரகரங்குது" என்றான் உடனே. கொஞ்சம் அதிகமாகவே உடனே.

புது மவுஸ் வந்தது. அதற்கு அடியில் வைக்கும் அட்டை வந்தது. நாற்காலி உயரமாயிற்று, பிறகு தாழ்ந்தது. ரம்பம் ரம்பமாகவே இருந்தது. அவனுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தாள். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது அவனுக்கே தெரியவந்த பிறகு அவன் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவான் என்பது.

அந்த மென்பொருளில் கோட்டை வழவழப்பாக்கும் ஒரு வசதி உண்டு. தேவையில்லாத புள்ளிகளை அதுவே எடுத்துவிட்டுக் கோட்டை நீவிவிடும். பட்டறையில் அதற்குப் பெயர் இஸ்திரி போடுவது. எவ்வளவு அழுத்தமாக என்று ஓர் எண் மட்டும் கொடுக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் அவள் அவன் வரைந்த ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு அளக்கத் தொடங்கினாள். சுற்றளவு வழிக்கு வந்தது. பீடிங் பொருந்தியது.

"இப்பதான் உன் கம்ப்யூட்டருக்குப் புத்தி வந்துருக்கு" என்றார் மாமா.

வீட்டு வேலை, பட்டறை வேலை, இதோடு இந்தக் கள்ள வேலை. திருடனுக்காவது பகலில் தூக்கம் உண்டு.

*

கிரேன் கண்ணாடி வந்த அன்று அவளுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. முந்தின நாள் குழாயில் தண்ணீர் வராமல் வாளி சுமந்து தோள் வீங்கியிருந்தது. அவன் வரைந்து அனுப்பிய கோடு அன்றைக்கு மிகவும் மோசமாக இருந்தது. வழக்கமான எண்ணுக்கு அது மசியவில்லை. அவள் கூடுதலாக ஓர் எண்ணைக் கொடுத்து அழுத்தினாள். கோடு படிந்தது. பெருமூச்சு விட்டாள். இரண்டு எண்களையும் எழுதினாள். அனுப்பினாள்.

சில நாள் கழித்து கிரேன்காரர்கள் கண்ணாடியோடு திரும்பி வந்தார்கள். முதலாளியம்மா அதை மேசைமேல் நிறுத்தி வைத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டார். அவர் கத்துகிற ரகம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கோபம் என்று அர்த்தம். துடைத்துக்கொண்டிருந்தார்.

"கீல் வர்ற இடத்துல லேசா ஒரு பள்ளம் இருக்கணும். பழைய கண்ணாடில இருக்கு, படத்துல இருக்கு. இதுல எங்க?"

கீல் வரும் ஓரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"சூடு குடுத்துப் பதம் போட்ட கண்ணாடி. இனிமே ஓரத்துல கல்லு வெச்சா தூள்தூளாயிடும். வேற அறுக்கணும். யார் வரைஞ்சது?"

எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு அருகில் நின்றிருந்தவர்கள் லேசாக விலகி நின்றார்கள், மழைக்கு ஒதுங்குபவர்கள் மாதிரி.

அந்தப் பள்ளம் ஆழமில்லாதது, தொட்டால்தான் தெரியும். அவன் அதை வரைந்திருந்தான். நடுங்கிய கையாலும் வரைந்திருந்தான். நடுக்கத்தோடு சேர்த்து அதையும் நீவி எடுத்துவிட்டது அவள் கொடுத்த எண். எது நடுக்கம், எது கண்ணாடியின் உண்மையான வளைவு என்று இஸ்திரிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாயைத் திறந்தால் ஏன் இஸ்திரி போட்டாய் என்று கேட்பார்கள். திறக்காவிட்டால் அவன் கவனமில்லாதவன் ஆவான்.

அவன் குனிந்து கண்ணாடியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தான். பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. விடை கிடைத்தவனின் பார்வையாக இருந்தது.

"நான்தான் மேடம் விட்டுட்டேன். அன்னிக்கு ஏதோ நெனப்பு."

"உனக்கா? யானைக்கும் அடி சறுக்கும்கறது சரிதான் போல" என்றார் முதலாளியம்மா. "நாளைக்குள்ள திரும்ப வரைஞ்சு குடு."

*

பட்டறையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். எதிரே உடைந்த கண்ணாடிகள் கொட்டிய பெரிய தொட்டி. வெயிலில் அது மட்டும் திருவிழாக் கடை போல மின்னியது.

அவன் டப்பாவைத் தொடவில்லை.

"என்னை இஸ்திரி போட்டிருக்க."

அவள் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"அந்த பஸ் கண்ணாடிலேர்ந்து."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"மவுஸுன்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாத. நானும்தான் மவுஸுன்னு நினைச்சேன்." அவன் சிரித்தான். மூச்சுதான் சிரிப்பு மாதிரி வெளியே வந்தது. "உனக்குத் தெரியாத வரைக்கும் அது மவுஸுதான்னு இருந்தேன். கண்ணாடில பள்ளத்தைக் காணோம்னதும் புரிஞ்சுது. நான் வரைஞ்சது எனக்குத் தெரியும்ல? அந்த இடத்துல மூச்சைப் பிடிச்சுட்டு வரைஞ்சேன். அதை யார் அழிச்சிருப்பா? நீ அழிச்சா எதுக்கு அழிச்சிருப்ப?"

"உங்க வாயைத் தொறந்து நீங்களாவது சொல்லியிருக்கலாமே!" அவள் குரல் உயர்ந்தது. உயர்த்தும் அளவுக்குத் தெம்பு மிச்சமிருந்தது அவளுக்கே ஆச்சரியம். "உங்க தப்பை நான் மறைச்சேன், இன்னிக்கு என் தப்பை நீங்க மறைச்சீங்க. இப்படியே மாத்தி மாத்தி மறைச்சுட்டுப் போனா என்ன ஆகறது? எனக்கு முடியலைங்க. நிஜமாவே முடியல. வரைஞ்சது ஒண்ணு, அளந்தது ஒண்ணுன்னு ரெண்டு கணக்கை எத்தனை நாள் தலைல வெச்சுட்டுத் திரியறது?"

தொட்டிக்குள் ஏதோ ஒரு கண்ணாடித் துண்டு தானாகச் சரிந்தது.

அவன் தொட்டியைப் பார்த்தபடி சொன்னான்: "டம்ளர்ல எனக்குப் பாதிதான் ஊத்தற. கொஞ்ச நாளாவே."

அவள் திடுக்கிட்டாள். "நானா?"

"நீதான். எங்கப்பாவுக்கு ஊத்துன மாதிரியே. நான் கேக்கல. கேட்டா நீ காரணம் சொல்லணுமே."

அவளுக்கு அது உண்மையாகவே தெரியாது. கை தானாகச் செய்திருக்கிறது. மனத்தை மூடலாம், கையை எதைப் போட்டு மூடுவது?

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க மொதல்ல."

அவன் சாப்பிட்டான். கரண்டியை அவள் பார்க்கும்படியே பிடித்துக்கொண்டு சாப்பிட்டான். ஆடியது. ஆடட்டும் என்று விட்டான்.

*

கை கழுவியதும் அவன் நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள்.

"மேடம், நான் பள்ளத்தை விடல. என் கை நடுங்குது, கோடு சரியா வரல. அதைச் சரி பண்ணப் போய் இவ கையில பள்ளம் போயிடுச்சு. வேற ஆளை வெச்சுக்கறதுன்னாலும் சொல்லிடுங்க."

எத்தனையோ முறை இரவெல்லாம் புரண்டு ஒத்திகை பார்த்த பயம், நாலு வரியில் முடிந்துவிட்டது. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குமேலாக அவனைப் பார்த்தார்.

"கை நடுங்கினா புள்ளி வெச்சு வரையேன்ப்பா. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"இல்ல மேடம், நான் எப்பவும் ஒரே இழுப்புல..."

"யார் உன்னை இழுக்கச் சொன்னது? எனக்குக் கண்ணாடி பொருந்துனா போதும். நீ இழுத்து வரைஞ்சியா, உருட்டி வரைஞ்சியான்னு எந்தக் கிரேன்காரன் கேட்டான்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டரைப் பாத்தியா?" என்றார்.

"இல்ல."

"வேலையை முடிச்சுட்டு இன்னிக்கே போ. ரெண்டு பேரும் போங்க. அப்புறம், கெட்டுப்போன கண்ணாடி உங்க ரெண்டு பேர் பேர்லயும்தான் இருக்கு. அதை நான் மறக்கல."

அவன் வெளியே வந்தான். இத்தனை வருஷம் தலையில் வைத்துக் கூத்தாடிய வித்தையை யாருமே கேட்டிருக்கவில்லை என்பது அவனுக்கு நிம்மதியா, அவமானமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் முகத்தில் இரண்டும் இருந்தன.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளைக் கூப்பிட்டான். "இங்க வந்து நில்லு."

கிரேன் கண்ணாடியின் படத்தைத் திறந்தான். பொத்தானை அழுத்தி, விடாமல், தன் வழக்கப்படி ஒரு சுற்று வந்தான். நடுக்கம் வந்தபின் அவள் முதல்முறையாக அதை அருகில் நின்று பார்த்தாள். மவுஸின் மேலிருந்த கை, இறங்க இடம் பார்க்கும் பறவை போல அடித்துக்கொண்டது. ஆனால் பள்ளம் வந்த இடத்தில் அவன் மூச்சை நிறுத்தினான், கோடு மெல்ல உள்ளே இறங்கி ஏறியது. புறப்பட்ட புள்ளியில் வந்து மூடியது.

"இதை அள. இஸ்திரி போடாம."

அளந்தாள்.

பிறகு அவன் பொத்தானை விட்டான். விளிம்பில் ஒரு புள்ளி வைத்தான். கையை எடுத்துத் தொடையில் வைத்து ஆற விட்டான். அடுத்த புள்ளி. மறுபடி ஆற விட்டான். கோலம் போடுகிறவர்களைக் கேலி செய்த வாய் ஒன்றும் பேசவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து தரைக்கும் இறங்கிய பிறகுதான் உருவம் மூடியது. பள்ளத்துக்கு மட்டும் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்திருந்தான்.

அவள் அளந்தாள். பரப்பளவு இரண்டுக்கும் ஒன்றுதான். சுற்றளவு மட்டும், ஏறக்குறைய மூன்று மீட்டரில், பதினொரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

"பதினொண்ணா?"

"பதினொண்ணு."

அவன் எழுந்து மாமாவிடம் போனான். "மாமா, பதினொரு சென்டிமீட்டர்ல ஒரு பீடிங் துண்டு வெட்டிக் குடுங்க."

"அவ்ளோ சின்னதா? எதுக்கு, எலி வீட்டு ஜன்னலுக்கா?"

"டாக்டர்கிட்ட காட்டறதுக்கு. எவ்ளோ நடுங்குதுன்னு கேட்டா என்ன சொல்றது? இவ்ளோன்னு காட்டிடலாம்ல?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கத்தியை எடுத்தார். வெட்டியபின் அந்தத் துண்டின் இரண்டு முனைகளையும், தேவையே இல்லாமல், வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார்.

*

ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் கூட்டம் குறையவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு ரப்பர் பேனா போல எட்டிப் பார்த்தது. வரும்போது பஸ்ஸில் ஒருவர் அதை என்னவென்று கேட்டார். "பீடிங்" என்றான். "எதுக்கு?" என்றார். "மிஞ்சிப்போச்சு" என்றான்.

கடைக்காரர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்தார். முதல் டம்ளரை அவளிடம் கொடுத்தார். இரண்டாவதில் பாதி வந்ததும் அவளுடைய கை தன்னையறியாமல் போதும் என்று சொல்ல எழுந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பிடித்துக் கீழே இறக்கினாள்.

"முழுசா ஊத்துங்கண்ணே."

அவன் வாங்கினான். ஓரமாகத் தளும்பி விரல்மேல் வழிந்தது. சூடு போல, "ஸ்ஸ்" என்றான். டம்ளரை இடது கைக்கு மாற்றி, வலது கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடியும் வலது கையிலேயே வாங்கிக்கொண்டு குடித்தான்.

"எத்தனாவது டோக்கன் நமக்கு?"

"இன்னும் நிறைய பேர் இருக்காங்க" என்றாள். கடையின் பெஞ்சில் இடம் இருந்தது. அவள் உட்கார்ந்து, அவன் தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடினாள். "கூப்பிட்டா எழுப்புங்க."